நோயாளியின் மொழியும் ஊழியரின் செவியும்

(திருகோணமலையில் சுகாதார ஊழியரும், சமூக சேவை உத்தியோகத்தரும், விவசாயப் பெருமக்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



மொழியுரிமையைப் பற்றிப் பேசுவதற்குத் திருகோணமலையினும் தகுதி வாய்ந்த ஊர் இந்நாட்டில் வேறில்லை. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியென்று விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தமிழரசுக் கட்சியின் மாநாடு இந்நகரிலே கூடிற்று. கால்நடையாகவே நெடுந்தூரம் வந்து சேர்ந்தோர் பலர். "தமிழ் பேசும் மக்கள்" என்று தந்தை செல்வநாயகம் கூறிவந்த சொற்றொடர் அன்று இம்மண்ணில் எத்தனை ஆயிரம் செவிகளில் விழுந்திருக்கும்!

அந்தச் சொற்றொடர் வைத்தியசாலையின் வாசற்படியைத் தாண்டி உள்ளே போயிற்றா என்பதே இன்று என் கேள்வி. மேடையில் பேசும் மொழியையும் கச்சேரிக்கு விண்ணப்பம் எழுதும் மொழியையும் பற்றி நாம் போதுமான அளவு பேசியிருக்கிறோம். கட்டிலிற் கிடப்பவன் முனகும் மொழியைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இம்மாகாணத்து வைத்தியசாலை ஒன்றிலே நான் கண்ட நிகழ்ச்சியைக் கூறுகிறேன். பெயர் வேண்டாம், பெயரால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஒரு தாய் தன் மகளை அழைத்து வந்திருந்தாள். மகளுக்கு நாட்பட்ட இருமல். வைத்தியரோ தென்னிலங்கை இளைஞர், நல்லவர், தமிழ் கற்க வேண்டுமென்று முயன்று கற்றவர், அதற்குரிய பரீட்சையிலும் தேறியவர். மொழிபெயர்ப்பாளர் எவரையும் அழையாது தாமே தமிழில் விசாரித்தார். "மகள் மூன்று மாதமா முழுகாம இருக்கிறா, ஐயா" என்றாள் தாய். முழுகுதல் என்றால் குளித்தல் என்று அவர் படித்திருந்தார். இருமலுக்கு அஞ்சிக் குளியாதிருக்கிறாள் போலும் என்றெண்ணி, வெந்நீரில் உடம்பைத் துடைக்கலாம், அதனால் தீங்கில்லை என்று அன்போடு எடுத்துச் சொன்னார். பின்பு எக்ஸ்ரே படம் எடுப்பதற்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் தலை குனிந்தபடி ஒன்றும் பேசவில்லை.

வெளி விறாந்தையில் நின்ற வயது முதிர்ந்த சிற்றூழியர் ஒருவர் துண்டைப் பார்த்தார். தாயிடம் இரண்டு வார்த்தை விசாரித்தார். உடனே உள்ளே ஓடினார். "டாக்டர், அவள் வயிற்றிலே பிள்ளை" என்று சிங்களத்தில் சொன்னார். வைத்தியரின் முகம் வெளிறிப் போயிற்று. எழுந்து வந்து அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டார். பின்னர்ச் சட்டைப்பையிலிருந்த சிறு புத்தகத்தை எடுத்து, அந்தச் சொல்லை அந்தச் சிற்றூழியரையே சொல்லச் செய்து எழுதிக்கொண்டார்.

இதிலே வைத்தியரின் குற்றம் யாது? அவருக்குத் தமிழ் தெரியாதென்று கூற முடியாது. பரீட்சைத் தமிழ் தெரியும். நம் வீட்டுத் தமிழ் தெரியாது. "வயிற்றாலே போகுது" என்று ஒரு கிழவன் சொன்னால் எந்த அகராதியைப் புரட்டி அவர் அதை வயிற்றோட்டம் என்று அறிவார்? "சத்தி எடுக்குது" என்றால் வாந்தி என்பதையும், "கைகால் உளையுது" என்றால் அது வலியிலே ஒரு தனி வகை என்பதையும், "காய்ச்சல் காயுது" என்பதையும், "நெஞ்சுக்குள்ளே அந்தரமாயிருக்குது" என்பதையும் எந்தப் பாடநூல் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது? "நெஞ்செரிவு" என்று இருவர் சொன்னால் ஒருவருக்கு வயிற்றுப் புளிப்பு. மற்றவருக்கு மாரடைப்பின் முன்னறிகுறி. மேலும் இரண்டு கேள்வி கேட்டால்தான் வேறுபாடு புலப்படும். அந்த இரண்டு கேள்வியைக் கேட்கத் தெரிவதும் வைத்தியமே. வைத்தியத்துக்குப் புறம்பான உபசாரமன்று.

சட்டம் சொல்வது

சட்டத்திலே குறைவில்லை என்று சிலர் வாதிடுவர். 1987ஆம் ஆண்டில் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் நிர்வாக மொழியை விரித்து வகுத்தது. 1991ஆம் ஆண்டில் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டமும் வந்தது. அரசாங்க சேவையிற் புதிதாகச் சேர்வோர் ஐந்தாண்டுக்குள் இரண்டாவது அரசகரும மொழியிலே தேர்ச்சி பெற வேண்டுமென்று 2007ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி தொடக்கம் சுற்றறிக்கை விதித்தது. இவை அற்பமல்ல. இவற்றைப் பெறுவதற்கு நாம் கொடுத்த விலையும் அற்பமன்று.

ஆனால், விண்ணப்பம் எழுதவும் கடிதத்துக்கு மறுமொழி எழுதவும் பயிற்றும் பாடத்திட்டம், பிரசவ விடுதியிலே நிற்கும் தாதிக்குப் பயன்படுமா? சட்டம் மொழியைக் கொடுத்தது, செவியைக் கொடுக்கவில்லை. செவியைப் பயிற்சியினாலேதான் கொடுக்க முடியும்.

சட்டத்தைப் பற்றி மற்றொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையை நம்மவர் பாதியே வாசிக்கின்றனர். சிங்களத்தில் நிர்வாகம் நடைபெறும் பிரதேசத்திலே தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு என்பதை வாசிக்கின்றனர். தமிழில் நிர்வாகம் நடைபெறும் பிரதேசத்திலே சிங்களத்தில் அலுவல் பார்க்கும் உரிமை சிங்களவருக்கு உண்டு என்று அதே உறுப்புரை கூறுவதை விட்டுவிடுகின்றனர். இது பற்றிப் பின்னர் வருகிறேன்.

இடையிலே நிற்பவர்

மொழி தெரியாத வைத்தியரும் நோயாளியும் சந்திக்கும்போது இன்று இடையிலே நிற்பவர் யார்? வேலை நிறுத்திவிட்டு வந்த சிற்றூழியர். அடுத்த கட்டிற் காரரின் உறவினர். சில வேளை நோயாளியின் பத்து வயதுப் பிள்ளை. தாயின் கருப்பை நோயைப் பத்து வயது மகன் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டுமா? தன் கணவன் அடித்த காயத்தை ஒரு பெண் அயல் வீட்டுக்காரியின் வாய் வழியாக வைத்தியருக்குச் சொல்வாளா? சொல்லமாட்டாள். "விழுந்துவிட்டேன்" என்பாள். வைத்தியரும் அதையே எழுதுவார். அவள் அதே வீட்டுக்குத் திரும்புவாள்.

நான் முன்னே கூறிய சிற்றூழியரைப் போன்றோர் இம்மாவட்டத்து வைத்தியசாலைகளை எத்தனையோ ஆண்டுகளாகத் தாங்கி நிற்கின்றனர். மொழிபெயர்ப்பு அவர்களுடைய கடமைப் பட்டியலிலே இல்லை. அதற்குச் சம்பளமும் இல்லை, பயிற்சியும் இல்லை, நன்றியும் இல்லை. இரகசியத்தைக் காக்க வேண்டுமென்று அவர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுத்ததுமில்லை. மொழிபெயர்ப்பை ஒரு பதவியாக்கிச் சம்பளமும் பயிற்சியும் கொடுத்து, இரவிலும் ஒருவரேனும் கடமையில் இருக்கும்படி செய்ய வேண்டும் என்பதே என் முதற் கோரிக்கை. கட்டிடத்துக்கும் இயந்திரத்துக்கும் செலவிடும் பணத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய செலவு.

கிண்ணியா மக்களுக்கு நான் சொல்லாமலே விளங்கும். 2009ஆம் ஆண்டு ஒக்டோபரிலே பாலம் திறக்கப்படும் வரை அவர்கள் பாதையிலேறித் துறை கடந்தே நகரத்துக்கு வந்தனர். நோயாளியைப் பாதையிலேற்றி, அக்கரையிலே வாகனம் பிடித்து, வைத்தியசாலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே பெருஞ் சாதனையாக இருந்தது. இப்பொழுது பாலம் இருக்கிறது, விரைவாகவே வந்துவிடுகிறோம். வைத்தியரின் மேசைக்கும் நோயாளியின் வாங்குக்கும் இடையிலுள்ள இரண்டு முழத்தைத்தான் இன்னும் கடக்க முடியவில்லை.

மானிப்பாயிலே நடந்தது

வேற்று மொழியாளர் நம் மொழியைக் கற்று வைத்தியம் செய்வதும், நம் பிள்ளைகளை நம் மொழியிலேயே வைத்தியராக்குவதும் நடவாத காரியம் என்பாரும் உளர். நடந்திருக்கிறது. அமெரிக்காவிலே மசசூசெற்ஸ் மாநிலத்தில் 1822ஆம் ஆண்டிற் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். முதலில் ஆங்கிலத்திலே கற்பித்தவர், அனுபவத்தினால் உண்மையை உணர்ந்து, பின்னர்த் தமிழிலேயே வைத்தியங் கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூற்று நூலும் இரண வைத்திய நூலும் அவருடைய முயற்சியாலே தமிழில் வெளிவந்தன. கலைச்சொற்களைத் தொகுத்தார். அறுபதுக்கு மேற்பட்டோரைப் பயிற்றினார். கல்வி கற்ற தமிழன் நடையுடையில் ஐரோப்பியனாக மாறித் தன் ஊராருக்கு அந்நியனாகக் கூடாதென்பது அவருடைய உறுதியான எண்ணம். சமயத்தைப் பரப்புவதும் அவருடைய நோக்கமாயிருந்தது. அதை நான் மறைக்கவில்லை. எனினும், நோயாளியின் வீட்டு மொழியிலே வைத்தியம் நடவாவிட்டால் அது வேரூன்றாது என்பதை, நம் அரசாங்கங்கள் உணர்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அவர் உணர்ந்திருந்தார்.

மொழி ஒன்று, வழக்கம் பல

மொழி ஒன்றானால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிவிடலாகாது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்திலே முஸ்லிம்கள் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேர். தமிழர் முப்பதுக்குச் சற்று மேல். எஞ்சியோரிற் பெரும்பாலார் சிங்களவர். தமிழரும் முஸ்லிம்களும் பேசுவது தமிழே. ஆயினும் மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ பயின்று வந்த தமிழ்த் தாதிக்குக் கிண்ணியாவின் வீடு எவ்வளவு தெரியும்? "வாப்பா மௌத்தாகிவிட்டார்" என்றால் தந்தை இறந்துவிட்டார் என்பது விளங்க வேண்டும். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள் என்பது தெரிந்திருந்தால், "ஏன் கிளினிக்குக்கு வரவில்லை?" என்று அவளை அதட்டாமல், மருத்துவமாது அவள் வீட்டுக்குச் செல்வாள்.

மருந்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை, பகல், இரவு என்று எழுதிக் கொடுக்கிறோம். நோன்பு மாதத்திலே பகலில் மருந்து ஏது? நீரிழிவு நோயாளி என்ன செய்கிறார்? சிலர் பகல் மருந்தை மட்டும் விடுகின்றனர். சிலர் முழுவதையும் விடுகின்றனர். சிலர் மூன்று வேளை மருந்தையும் நோன்பு திறக்கும்போது ஒன்றாக விழுங்குகின்றனர். நோன்புக்கு ஒரு மாதம் முன்னரே அழைத்துக் கேட்டால், ஸஹர் வேளைக்கும் நோன்பு திறக்கும் வேளைக்கும் மருந்தை மாற்றி ஒழுங்கு செய்யலாம். நோன்பு நோற்பது உயிருக்கு ஆபத்தாகக் கூடியவருக்கு அதை எடுத்துச் சொல்லலாம். "நோன்பு பிடிக்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும், அவ்வளவே. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருக்கும் நம் தாய்மாரையும் இவ்வாறே கேட்க வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்குச் சரக்கு அரைத்துக் கொடுக்கும் பாட்டியை எள்ளி நகையாடும் ஊழியர், அந்த வீட்டிலே தடுப்பூசியைப் பற்றிப் பேசும் தகுதியையும் அப்போதே இழந்துவிடுகிறார்.

வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பகுதிகளில் வாழும் கரையோர வேடர் வழியினரும் தமிழே பேசுகின்றனர். ஆனால் அவர்களை நோக்கி "நீ", "வா", "போ" என்று பேசும் தமிழ் உத்தியோகத்தரை நான் கண்டிருக்கிறேன். இதற்குச் சிங்களவரைக் குறை கூற முடியுமா? ஏழை விவசாயி வெற்றுடம்போடு வந்தால் ஒரு பேச்சு. காற்சட்டை அணிந்தவர் வந்தால் "வாருங்கோ" என்று மற்றொரு பேச்சு. இந்நோய் நம்முடையது.

வழக்கத்தை அறியாத நிர்வாகம் எவ்வளவு கொடுமை செய்யக்கூடும் என்பதை நாடு முழுவதும் கண்டது. கொரோனாத் தொற்றினால் இறந்தோரை எரிக்கவே வேண்டுமென்று 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. நல்லடக்கம் செய்யலாமென்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும், 2021ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதி வரை முஸ்லிம்களின் சடலங்கள் அவர்கள் சமயத்துக்கு மாறாக எரிக்கப்பட்டன. அதன் பின்னரே ஓட்டமாவடியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு நல்லதே. ஆனால் அந்த மாதங்களிலே எத்தனை குடும்பங்கள் காய்ச்சலை மறைத்து, வைத்தியசாலைக்கு வர அஞ்சியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அச்சம் புகுந்த வீட்டுக்குள் எந்தச் சுகாதாரச் சேவையும் புக முடியாது.

டெங்குக் காய்ச்சலும் இதையே காட்டிற்று. 2017ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 1,86,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். அவ்வாண்டு மார்ச் மாதத்திலே கிண்ணியா பட்ட பாட்டை இங்குள்ளோர் மறந்திருக்கமாட்டீர்கள். நுளம்பு பெருகும் இடங்களைத் தேடுவதற்கு வளவுக்குள் நுழைய வேண்டும். கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்க்க வேண்டும். ஆண்மக்கள் கடலுக்கும் கடைக்கும் போன நேரத்திலே, அறியாத ஆண் பரிசோதகர் சீருடையோடு வந்து படலையைத் தள்ளினால் எந்தப் பெண் திறப்பாள்? பெண் ஊழியர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும், முதல்நாளே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் செலவில்லாத காரியங்கள்.

கந்தளாயிலிருந்து வருகின்ற தாய்

இனி, நம்மவர் சிலருக்குக் கசக்கக்கூடிய விடயத்துக்கு வருகிறேன். கந்தளாய்த் திட்டத்தையும் அல்லைத் திட்டத்தையும் பற்றி நமது கருத்து யாவரும் அறிந்ததே. அரசாங்கப் பணத்தால் ஒரு மாவட்டத்தின் குடிப்பரம்பலை மாற்றுவது அநீதி என்று நாம் அன்றும் சொன்னோம், இன்றும் சொல்கிறோம். ஆனால் கோமரங்கடவலையிலிருந்தோ சேருவிலவிலிருந்தோ பிரசவ வேதனையோடு நள்ளிரவில் வந்திறங்கும் சிங்களத் தாய் அந்தத் திட்டத்தை வகுத்தவள் அல்லள். அவள் அங்கேயே பிறந்தவள். தமிழ்த் தாதி அவளுக்குச் சைகையினாலே கட்டளையிடுகிறாள். அவளோ எதற்கு ஊசி போடுகிறார்களென்று அறியாமல் நடுங்குகிறாள். தெற்கிலே நம் தாய்மாருக்கு நேரும்போது கொதிக்கின்ற நாம், இங்கே இது நேரும்போது வாளாவிருக்கலாமா? 22ஆம் உறுப்புரையின் மற்றப் பாதியை வாசியுங்கள் என்று நான் சொன்னது இதனாலேதான். "எங்கள் பெண்பிள்ளைகள் சிங்களம் படிக்க வேண்டுமா?" என்று ஒரு நண்பர் என்னிடம் சினந்தார். தாதியாக வேலை செய்வதானால் படிக்கத்தான் வேண்டும் என்றேன். திணிக்கப்பட்ட மொழியை எதிர்ப்பது வேறு. நோயுற்றவளின் மொழியைக் கற்பது வேறு. இந்த வேறுபாடு விளங்காதவரோடு எனக்கு வழக்கில்லை.

விவசாயிகளுக்கும் ஒரு சொல். வயற்காலத்திலே காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும். எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் நிற்பவரின் காற்புண் வழியாகக் கிருமி உட்புகுகிறது. காலந் தாழ்த்தினால் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுத்துவிடும். வைத்தியர் முதலிலே கேட்க வேண்டிய கேள்வி, "வயலில் இறங்கினீர்களா?" என்பது. அவர் கேளாவிட்டால் நீங்களாகவே சொல்லுங்கள். எந்த மொழியிலாவது சொல்லுங்கள். வயலில் இறங்குமுன் தடுப்பு மருந்தாக டொக்சிசைக்கிளின் மாத்திரையைச் சுகாதாரப் பரிசோதகர் கொடுப்பார். அதை வாரத்துக்கு ஒரு முறை, உணவுக்குப் பின்னரே உட்கொள்ள வேண்டும். தினமும் உட்கொண்டு வயிறெரிந்து எறிந்துவிட்டவரையும் கண்டிருக்கிறேன்; கர்ப்பிணி மனைவிக்கும் பகிர்ந்து கொடுத்தவரையும் கண்டிருக்கிறேன். கர்ப்பிணிக்கு அது ஆகாது. கொடுத்தவர் விளங்கும் மொழியிலே சொல்லவில்லை. வாங்கியவர் கேட்கத் துணியவில்லை.

மனநோவைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின்னர் ஆறுதல் கூற வெளியூர்களிலிருந்து வந்தோர் பலர். நம் மக்கள் "யோசனையாயிருக்குது" என்று சொன்னபோது, அது சிந்தனையன்று, துயரம் என்று அவர்களிற் பலருக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்திலே பேராசிரியர் தயா சோமசுந்தரமும் மருத்துவர் சிவயோகனும், நம் மக்களின் சொல்லையும் சடங்கையும் நம்பிக்கையையும் கருத்திற்கொண்டு ஊர் ஊழியருக்குப் பயிற்சியளிக்க வழிகாட்டியிருக்கின்றனர். காணாமற்போன கணவனுக்காகப் பொட்டை அழியாமல் காத்திருக்கும் பெண்ணிடம், "அவர் இறந்துவிட்டார், ஏற்றுக்கொள்" என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்வது ஆறுதலாகாது. அவளோடு முற்றத்திலே உட்கார்ந்திருக்கத் தெரிந்த ஊழியர் வேண்டும். அந்தக் கைந்நூல் வழி இங்கும் வர வேண்டும். முஸ்லிம், சிங்களக் கிராமங்களுக்கு ஏற்றபடி அவர்களையே கொண்டு எழுதப்படவும் வேண்டும்.

பயிற்சியை யார் கொடுப்பது என்று கேட்பீர்கள். 1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கிய காலந்தொட்டு இந்நாட்டின் பொதுச் சுகாதாரச் சேவை வீடு வீடாகச் செல்லும் சேவையாகவே வளர்ந்தது. மருத்துவமாதுவின் கால் நடையே அதன் பெருமை. ஆகவே கட்டிடத்துக்குள் வகுப்பு வைத்து முடித்துவிடாதீர்கள். புதிதாக நியமனம் பெற்று வரும் ஒவ்வொருவரையும், வைத்தியராயினும் தாதியாயினும் பரிசோதகராயினும், முதல் மாதத்தில் சில நாட்களாவது கிண்ணியாவிலும் வெருகலிலும் தம்பலகாமத்திலும் கோமரங்கடவலையிலும் அனுபவமுள்ள மருத்துவமாதுவோடு நடக்க விடுங்கள். கற்பிப்பவர் அவளாகட்டும். நிலாவெளி கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்திலே சித்த மருத்துவம் பயிலும் மாணவர்களையும் இதிற் சேர்த்துக்கொள்ளலாம். ஊர் மருந்தின் பெயர்கள் அவர்களுக்குத் தெரியும்.

இறுதியாக ஒரு வேலையை உங்களிடம் ஒப்படைக்கிறேன். நோயையும் நோவையும் சொல்வதற்கு உங்கள் ஊரிலே வழங்கும் சொற்களை எழுதித் தாருங்கள். தமிழ் வீட்டுச் சொல், முஸ்லிம் வீட்டுச் சொல், வேடர் வழியினரின் சொல் எல்லாம் வேண்டும். சிங்களக் கிராமத்துச் சொற்களைத் திரட்டித் தர அப்பகுதி ஆசிரியர்கள் சிலர் இசைந்திருக்கின்றனர். எழுத இயலாதோர் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். வெட்கப்பட்டு விட்டுவிடும் சொற்களே வைத்தியருக்கு மிகவும் வேண்டியவை. அவற்றைத் தாய்மார் தனித்தாளில் எழுதி மருத்துவமாதுவிடம் கொடுக்கலாம். கூட்டம் கலையுமுன் வாசலில் உள்ள மேசையிலே தாள் வைத்திருக்கிறோம். இன்றே தொடங்கலாம்.